ரோகிணியில் கை முந்தும்

நாற்பத்து மூன்றாம் வயதில் மகிழினி மறுபடியும் மாணவி ஆனாள். அதுவும் சாதாரண மாணவி இல்லை, முதல் பெஞ்சு மாணவி. வகுப்புக்கு மணியடிக்க அரைமணி இருக்கும்போதே வாசலில் போய் நின்றுவிடுவாள். "ஏனுங்க, நான் இன்னும் பூட்டே திறக்கலீங்க" என்று வாட்ச்மேன் தினமும் சலித்துக்கொள்வார். அதையும் அவள் ரசித்தாள்.

பதினெட்டு வருடம் பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் பஸ் ஓட்டியவள் அவள். மலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் கண்ணை மூடினாலும் தெரியும். பஸ்கள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்ட வருடம், மாலை போட்டு, வெள்ளி விளக்கு கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டிலிருந்தாள். மாவு கிரைண்டரைக்கூட முறைத்துப் பார்க்கிறாளே என்று மகள் நேத்ரா கவலைப்பட ஆரம்பித்த சமயத்தில், கோவைக்குப் பக்கத்து அரசூரில் நிலா லேத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. மறுநாள் வரிசையில் முதல் ஆள் மகிழினிதான்.

அந்த மையத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் இரண்டு வரி நீளும். ஊர் அதை நிலாப் பட்டறை என்றது. நிலாவின் தென்முனையில் ஒன்பது பேர் தங்கி, பாறைக்கடியில் உறைந்து கிடக்கும் பனியை உருக்கித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பம்புகள் தேயும், உடையும், கோணும். கோயம்புத்தூர்க்காரருக்கு நிலாவில் வேலை என்றால் அது பம்பு வேலையாகத்தானே இருக்கும்.

முதல் நாள் பாடம் எடுக்க வந்தவனைப் பார்த்து மகிழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிஃபுக்கு இருபத்தாறு வயது. மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. அவன் அவளை அக்கா என்றான், அவள் அவனை சார் என்றாள். கடைசி வரைக்கும் அப்படியே.

"புதுசா ஒரு சாமான் வேணும்னா மேல இருக்கிற மிஷினே செஞ்சிருங்க. வரைபடம் அனுப்புனாப் போதும்" என்றான் ஆசிஃப். "தேஞ்சது, வளைஞ்சது, பாதி உடைஞ்சது, அதுதான் அதுக்கு ஆகாது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசா தேஞ்சிருக்கும். தொட்டுப் பார்த்துக் கடையறதுக்கு ஆள் வேணும். ஆளை மேல அனுப்புனா அவருக்குக் காத்து, தண்ணி, சோறு எல்லாம் அனுப்போணும். அதுக்குப் பதிலா, கை இங்க இருக்கட்டும், லேத்து அங்க இருக்கட்டும்."

"நடுவுல என்னங்க சார்?" என்றாள் மகிழினி.

"நடுவுல ரெண்டரை."

அதுதான் அந்தப் பட்டறையின் மொத்தப் பாடம். இங்கே கைப்பிடியைத் திருப்பினால், அந்தத் திருப்பல் நிலாவுக்குப் போய், அங்கே உளி இரும்பைத் தொட்டு, அந்த உரசலின் கனமும் ஓசையும் திரும்பி உங்கள் கைக்கும் காதுக்கும் வர இரண்டரை செகண்டு ஆகும். திருப்பிவிட்டுக் காத்திருந்து, மறுபடி திருப்பிக் காத்திருந்தால், பம்பைச் சுழற்றும் தண்டு ஒன்றைக் கடைய ஒரு மாதம் போதாது. அதனால் கை முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். காது இரண்டரை செகண்டு பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டை போடாமல் குடித்தனம் நடத்த வேண்டும்.

"படம் கிடையாதுங்களா?" என்று கேட்டான் பக்கத்துப் பெஞ்சு லோகித். சூலூர்க்காரன், முன்பு விசைத்தறி மெக்கானிக்.

"கிடையாது. கண்ணு வந்தா கை அதை நம்பி நின்னுக்கும். அளவுக் கருவி சொல்ற எண்ணு மட்டும் வரும்."

மகிழினி கையைத் தூக்கினாள். "பஸ்ஸும் இப்படித்தானுங்க சார். வளைவுல பிரேக்கு மிதிச்சா பள்ளத்துலதான் நிக்கும். வளைவுக்கு முன்னாடியே மிதிச்சறோணும்."

வகுப்பு சிரித்தது. ஆசிஃப் சிரிக்கவில்லை. "அக்கா சொன்னதை எழுதிக்கோங்க" என்றான்.

மூன்றே வாரத்தில் அவளுக்கு ரெண்டரை பிடிபட்டுவிட்டது. அந்த நாளை அவளால் மறக்கவே முடியாது. கை ஏற்கெனவே அடுத்த வெட்டுக்குப் போய்விட்டது. காதில் முந்தைய வெட்டின் சத்தம், எண்ணெயில் அப்பளம் விழுந்த மாதிரி சீராக வந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அவள் இருக்கிறாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடிப்போய் வாட்ச்மேனிடம் சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கை குலுக்கினார்.

ஒரு விஷயம். கற்றுக்குட்டிகளை நிலாவைத் தொட விடுவார்களா? மாட்டார்கள். பின்பக்க ஷெட்டில் ஒரு டம்மி லேத் இருக்கிறது, கம்பியில் வேண்டுமென்றே இரண்டரை செகண்டு தாமதம் வைத்திருக்கிறோம், பரீட்சை தேறியவர்களுக்குத்தான் உண்மையான நிலா என்று சொல்லியிருந்தார்கள். ஷெட் எப்போதும் பூட்டியே இருக்கும். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைந்து முடித்ததும் தண்டின் முனையில் அவரவர் எண்ணைப் ‘பஞ்ச்’ என்ற கூர்முனைக் கருவியால் அடித்துப் பதிக்க வேண்டும். லேத்தின் பக்கத்தில் இருக்கும் இரும்புக் கை அதைச் செய்யும், நாம் இங்கிருந்து ஆட்டுவிக்க வேண்டும். மகிழினி எண் பதினேழு. வேலை கெட்டுப்போனால், கெடுத்தவர் எழுந்து நின்று "என் கை" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். திட்டு கிடையாது, சிரிப்பு கிடையாது. சொன்னவர் உட்கார்ந்துகொண்டு அடுத்த தண்டை எடுக்கலாம். மகிழினி முதல் மாதத்தில் பதினோரு தடவை சொன்னாள்.

மன்னிப்பு இல்லாத குற்றம் ஒன்றே ஒன்று. அது பொட்டு வைப்பது. பேரிங் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் அதிகமாகக் கடைந்துவிட்டால் பேரிங் லொடலொட என்று ஆடும். சாமர்த்தியசாலி என்ன செய்வான்? பஞ்ச்சை எடுத்து அந்த இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அடிப்பான். அடித்த இடம் பள்ளமாகும், அதன் ஓரம் மேடாகும். அளவுக் கருவி மேட்டைத்தான் அளக்கும், பள்ளத்தை அளக்காது. பேரிங்கும் இறுக்கமாக உட்காரும். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். மேடுகள் தேய்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. பொட்டு வைத்தது தெரிந்தால் பேட்சிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

இனி வீட்டு நிலவரம். ரெண்டரை பழகிய கை, பட்டறை வாசலில் செருப்போடு கழன்றுவிடுவதில்லை. டம்ளர் வாய்க்கு வருவதற்கு முன்பே மகிழினி உதட்டைக் குவிப்பாள். கதவு திறப்பதற்குள் உள்ளே காலை வைத்து நெற்றியில் இடித்துக்கொள்வாள். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. யார் பேசினாலும் அவர்கள் முடிப்பதற்குள் இவள் பதில் சொல்லிவிடுவாள்.

"அம்மா, நாளைக்கு ஸ்கூல்ல—"

"போய்ட்டு வா கண்ணு, டூர்தானே."

"டூர் இல்லம்மா. நான் கேள்வியே இன்னும் கேக்கல. நீயா ஒரு கேள்வியைக் கேட்டு நீயே பதில் சொல்லிக்கிற. அப்புறம் நான் எதுக்கு?"

பதினாறு வயதுப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து மகிழினிக்கு நெஞ்சு சுருக்கென்றது. இது சரியாகுமா என்று மறுநாள் ஆசிஃபிடம் கேட்கப் போனாள். "இந்த வேலையை விட்டுட்டா ஒரு வருஷத்துல சரியாயிருங்க" என்றான் அவன். "ஆனா நல்லா வர்றவங்க யாரும் விடறதில்லீங்க்கா." அவனும் அவள் கேள்வியை முடிக்க விடவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

மூன்றாம் மாதத்தில்தான் அந்த விசித்திரம் தொடங்கியது. சில நாட்களில் உரசல் கைக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வந்து சேர்ந்தது. சில நாட்களில் தாமதமாக வந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் ரெண்டரைக்குள் குடியிருப்பவளுக்கு அது, படியிறங்கும்போது ஒரு படி குறைவாக இருந்தால் எப்படித் தூக்கிப் போடுமோ அப்படி இருந்தது.

"சார், ரெண்டரை மாறுதுங்க."

"மாறாதுங்க்கா. டம்மியில நாங்க வெச்சதுதானே. நீங்க நல்லாத் தூங்குங்க."

அவன் அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அவளோ தன் மீதே சந்தேகப்பட்டாள். வயதாகிவிட்டதோ? கை கெட்டுவிட்டதோ? பரீட்சை எழுதும் பதினெட்டுப் பேரில் இரண்டு பேரைத்தான் நிலா ஷிஃப்டுக்கு எடுப்பார்கள். இந்தக் கையை நம்பித்தான் அவள் மறுபடி உயிரோடு எழுந்திருந்தாள். அதனால் யாருக்கும் தெரியாமல் வீட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தாள். உலகத்தில் எது மாறினாலும் தமிழன் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் மாறுவதில்லை. அதில் கிழிக்கும் தாளிலேயே, உரசல் சீக்கிரம் வந்து கை முந்திய நாளில் மேல்நோக்கி ஒரு கோடு, பிந்திய நாளில் கீழ்நோக்கி ஒரு கோடு. கிழித்த தாள்களைக் கிளிப்பில் கோத்து வைத்தாள்.

ஐந்தாம் மாதம் ஒரு புதன்கிழமை, கை மோசமாகப் பிந்தியது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியதாக நினைத்தாள். எண் வந்தபோது இருபது மைக்ரான் குறைவு. தலைமுடியை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் ஒரு பங்கு. பேரிங் ஆடும்.

அந்த வாரத்தில் மட்டும் அவள் நான்கு தடவை "என் கை" சொல்லியிருந்தாள். ஐந்தாம் தடவை எழுந்து நிற்க மனம் வரவில்லை. லோகித் குனிந்து கிசுகிசுத்தான். "அக்கா, பொட்டு வெச்சுட்டுப் போங்க. ஷெட்டுல கெடக்கற டம்மி. நாளைக்கு உருக்கறதுக்குப் போகுது. இதுக்கு எதுக்கு எந்திரிச்சு நிக்கிறீங்க?"

அவள் வைத்தாள். எண்ணை அடிக்கக் கொடுத்த பஞ்ச்சாலேயே, சுற்றி இருபத்து நான்கு பொட்டு. அளவு சரியாக வந்தது. பேரிங் கச்சிதமாக ஏறியது. முனையில் பதினேழு என்று அடித்தபோது அவளுக்குத் தன் கையையே பிடிக்கவில்லை. அன்றைக்கு வாட்ச்மேன் கூப்பிடுவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. காலைச் சாப்பாட்டின்போது நேத்ரா சுவரிலிருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தக் கோடெல்லாம்—"

"சிலிண்டர் மாத்துன நாளு கண்ணு."

நேத்ரா பள்ளிக்குப் போய்விட்டாள். நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, தாள்களை மேசையில் பரப்பி, அம்மாவின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"நான் முடிக்கற வரைக்கும் எடுக்க மாட்டேன். மூணு மாசத்துல மேல்கோடு எல்லாம் ரோகிணியைச் சுத்தியே விழுந்திருக்கு. கீழ்கோடு எல்லாம் அனுஷத்தைச் சுத்தி. இங்க பாரு, தாள்லயே நட்சத்திரம் போட்டிருக்கு. சிலிண்டரை யாரும்மா நட்சத்திரம் பார்த்து மாத்துவாங்க? இது என்னது?"

கை விலகியது. மகிழினி முதல் முறையாகப் பதில் சொல்லாமல் தாள்களைப் பார்த்தாள். ரோகிணி, ரோகிணி, ரோகிணி. அனுஷம், அனுஷம், அனுஷம்.

"கண்ணு, ரோகிணின்னா என்ன அர்த்தம்? கல்யாணத்துக்குப் பார்ப்பாங்க, அது தெரியும்."

"அன்னிக்கு நிலா ரோகிணி நட்சத்திரத்துகிட்ட நிக்குதுன்னு அர்த்தம். ஒரு சுத்து சுத்தி அங்கயே வர இருபத்தேழு நாளு. நிலா வட்டமா சுத்தறதில்லம்மா. ஒரு பக்கம் நமக்குக் கிட்ட வரும், எதிர்ப்பக்கம் தள்ளிப் போயிரும். இந்த வருஷம் கிட்ட வர்றது ரோகிணியில. தள்ளிப் போறது அனுஷத்துல."

"தள்ளிப் போனா?"

"சிக்னல் போய்வர நேரம் கூடும். கால் செகண்டு, அதுக்கு மேலயே—"

இந்த முறை மகிழினி குறுக்கிட்டது பழக்கத்தால் அல்ல. நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டாள். "என் கை கெடலடி சாமி! கெடவே இல்ல! நான் நிலாவைத் தொட்டுட்டு இருந்திருக்கேன்!" மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அவளும் சிரித்தாள், வீடே சிரித்தது. ஷெட்டில் இருக்கும் டம்மி எதற்கு ரோகிணி பார்க்கப் போகிறது? மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், காற்றே இல்லாத ஊரில், தன் கை ஐந்து மாதமாக இரும்பு கடைந்திருக்கிறது. அதுவும் நிலா நகர்வதைக் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறாள், ஒரு பஸ் டிரைவர்!

அடுத்த நிமிடம் சிரிப்பு அப்படியே நின்றது. டம்மி இல்லை என்றால் அந்தத் தண்டுகள் உருக்கப் போகவில்லை. பொட்டு வைத்த அந்தப் பதினேழாம் எண் தண்டு எங்கே?

திங்கள் காலை பட்டறை திறந்ததும் ஆசிஃபின் மேசையில் தாள்களை வைத்தாள். அவன் பார்த்தான், மறுபடி பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். பின்பக்க ஷெட்டைத் திறந்தால் உள்ளே கேன்டீனின் பழைய அண்டாக்கள், ஒரு உடைந்த சைக்கிள்.

"எங்க பேட்ச்சுதாங்க முதல் பேட்ச்" என்றான் ஆசிஃப் அண்டாக்களைப் பார்த்தபடி. "இருபது பேரு. நிலாவுல ஒம்பது உயிரு இருக்குது, உங்க கையிலதான் இருக்குதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. பதினாலு பேருக்குக் கை நடுக்கம் வந்துருச்சு. தேறுனது நாங்க ரெண்டே பேரு. அதுக்கப்புறம்தான் டம்மின்னு சொல்லச் சொன்னாங்க. பாருங்க, இப்ப பதினெட்டுப் பேரு கடையறீங்க. கால் செகண்டு மாறுறதை யாரு உணரப் போறாங்கன்னு விட்டுட்டோம்."

"அந்தத் தண்டெல்லாம்?"

"அளவு சரியா வந்ததை மேல பம்புல போட்டுருவோம்."

மகிழினி நிமிர்ந்து நின்றாள். பட்டறையில் எழுந்து நிற்பது போலவே. "பதினேழாம் நம்பர் தண்டு. போன மாசம் அனுஷத்தன்னிக்குக் கடைஞ்சது. அதுல பொட்டு வெச்சிருக்கேன் சார். என் கை."

ஆசிஃபின் முகம் வெளுத்தது. கைப்பேசியில் எதையோ தேடினான். அந்தத் தண்டு இரண்டாம் பம்பில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பம்பைப் போன வாரம்தான் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஆக, ஒன்பது பேருக்கும் அப்போது இருந்தது அந்த ஒரே பம்பு. இரண்டு நாளாகக் கீச்சென்று சத்தம் வருகிறது, பேரிங் தரம் சரியில்லையோ என்று மேலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

"டம்மின்னு நெனைச்சுத்தானேங்க்கா வெச்சீங்க" என்றான் மெதுவாக. "அதுவும் சைஸ் போனதுக்குக் காரணம் நாங்கதான். நிலா தள்ளிப் போனதை உங்களுக்குச் சொல்லல."

"சைஸ் போனதுக்கு நிலா காரணமா இருக்கலாம். பொட்டு வெச்சது நிலா இல்லீங்க சார்." அவள் நிறுத்தவில்லை. "பயமில்லாத கை நல்லாக் கடையும்னு பார்த்தீங்க. பயமில்லாத கை பொட்டும் வைக்கும். அதை நீங்க யோசிக்கல. நானும் யோசிக்கல."

பம்பை நிறுத்தினார்கள். தொட்டியில் முப்பது மணி நேரத் தண்ணீர் இருந்தது. நிலாவில் பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஷெரின், நாகர்கோவில் பெண், அதைப் பிரித்துத் தண்டை எடுத்து லேத்தில் மாட்டுவதற்குள் மறுநாள் காலை ஆகிவிட்டது. யார் கடைவது? மாற்றுத் தண்டு இல்லை, மேலே இருக்கும் மிஷின் புதிதாக ஒன்று செய்து முடிப்பதற்குள் தொட்டி காலியாகிவிடும். ஆசிஃப் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தான். இரண்டாம் வெட்டிலேயே கையை எடுத்துவிட்டான்.

"தாமதமா வருதுங்க்கா. எனக்கு ரெண்டரைதான் தெரியும். இன்னிக்கு என்ன நட்சத்திரம்?"

"அனுஷம்" என்றாள் மகிழினி. "எந்திரிங்க."

வகுப்பு மொத்தமும் சுவரோரம் நின்றது. வெளியே தகரக் கூரையில் ஆடி மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. கைப்பிடிகளைத் தொட்டதும் அவள் விரல்கள் நடுங்கின. லோகித் பார்த்தான், எல்லோரும் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடினாள். வால்பாறை மலை, முப்பத்து மூன்றாம் வளைவு, பனிமூட்டம், முதுகுக்குப் பின்னால் அறுபது பேர். அதில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பதினெட்டு வருடமும் அவள் பயந்துகொண்டேதான் ஓட்டினாள். பயம் அவளுக்குப் புதுசா என்ன? ஒன்பது பேர்தானே, ஒரு வேனுக்குக்கூடக் காணாது.

நடுக்கம் நின்றது. கை புறப்பட்டது.

பொட்டு வைத்த இடத்தை முழுதாகக் கடைந்து எடுத்தாள். காதில் முதலில் கரகரவென்று வந்தது, பொட்டுகளின் மேல் உளி தாவித் தாவிப் போகும் சத்தம். இருபத்து நான்கும் அழியும் வரை அதைக் கேட்டாள். பிறகு சத்தம் சீரானது. கடைந்ததில் மெலிந்த இடத்தை நிரப்ப, ஷெரின் ஒரு இரும்பு வளையத்தைச் சூடாக்கி அதன் மேல் ஏற்றினாள். வளையம் ஆறி இறுகியதும் மறுபடி மகிழினியின் கை. கை முன்னே, காது பின்னே, நடுவில் ரெண்டரையும் இன்னொரு கண்சிமிட்டலும். கடைசி வெட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எண் வந்தது. பிசகு சுழியம்.

வகுப்பு கத்திய கத்தலில் மழைச் சத்தம் அடங்கிப்போனது. லோகித் கூரையைத் தொடும்படி குதித்தான். தண்டின் முனை நசுங்கியிருந்ததால் அதையும் ஒரு மில்லிமீட்டர் சீவியாயிற்று. ஷெரின் தண்டை எடுத்துக்கொண்டு பம்பைப் பூட்டப் போனாள். அவள் பூட்டி முடிக்கும்வரை மத்தியானம் யாரும் சாப்பிடப் போகவில்லை.

அந்த நேரத்தில் ஆசிஃப் அவள் பக்கத்தில் குனிந்தான். "அக்கா, முனையைச் சீவினதுல பதினேழுங்கற நம்பரும் போயிருச்சு. பொட்டும் போயிருச்சு. கழட்டும்போது பேரிங் துண்டுதுண்டா வந்ததுல அவங்க பொட்டைக் கவனிக்கல. என்கிட்ட சொன்னது என்னோட இருக்கட்டும். நீங்க வியாழக்கிழமை பரீட்சை எழுதுங்க. உங்களை விட்டா நிலா ஷிஃப்டுக்கு வேற யாரு?"

அவள் கைப்பிடிகளுக்கு முன்னாலிருந்த நாற்காலியைப் பார்த்தாள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். இன்றைக்குப் பிறகு முன்னைவிட அதிகமாக வேண்டும். சும்மா இருந்தால் போதும், அது அவளுடையது.

ஒலிபெருக்கியில் ஷெரின் குரல் வந்தது. "அக்கா, பம்பு ஓடுது! சத்தமே இல்ல கேட்டியளா, தண்ணி வருது! அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டா? அந்த—"

"என் கைங்க" என்றாள் மகிழினி.

ஆசிஃப் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் மீதிக் கேள்வி வந்து சேர்ந்தது. "—சத்தம் பின்னால கேக்குல்லா, அது மழையா? நான் மழை கேட்டு ஒண்ணரை வருசமாச்சு."

அவள் சொன்னது போய்க்கொண்டிருந்தது, இனி அதைப் பிடித்து இழுக்க முடியாது. இரண்டே முக்கால் செகண்டு கழித்து ஷெரின் சிரித்தாள். "எது உங்க கை? மழையா?"

எவ்வளவு எளிது. ஆமாம், மழைதான் என்று சிரித்துவிட்டால் முடிந்தது. ஆசிஃப் அப்படித்தான் சொல்லச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினான். மகிழினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதல் பதில் ரெண்டரையின் பழக்கம், அது தானாக ஓடிவிட்டது. அடுத்த பதில் அப்படிப் போகக்கூடாது. ஒன்று, இரண்டு, முக்கால். முழுதாகக் காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"மழைதான் கண்ணு. ஆனா உங்க பம்பு நின்னது பேரிங்கால இல்ல. அந்தத் தண்டுல சைஸ் போனப்ப நான் பொட்டு வெச்சேன். டம்மின்னு நெனைச்சேன். டம்மியா இருந்தாலும் வெச்சிருக்கக் கூடாது. என் கை."

ஆசிஃப் மைக்கின் பக்கம் சாய்ந்தான். "டம்மின்னு சொல்லி வெச்சது என் கைங்க."

இரண்டே முக்கால் செகண்டு ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பத்து ஆயிற்று. அது நிலாவின் தூரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"ரெண்டு நாளு நான் உறங்கல" என்றாள் ஷெரின். குரலில் சிரிப்பு இல்லை. "அந்தப் பம்புக்குப் பக்கத்துலயே பாயைப் போட்டுக் கெடந்தேன். கேப்டன்கிட்ட நான் சொல்லத்தான் செய்வேன் அக்கா." ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "நாளை மறுநாள் ஒண்ணாம் பம்புத் தண்டை மாட்டுதேன். அதை நீங்களே செய்யணும். வேற கை எனக்கு வேண்டாம். இப்போ அந்த மைக்கைக் கொஞ்சம் மழைப் பக்கம் திருப்புங்க."

மகிழினி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

விதி விதிதான். ஒன்றாம் பம்பின் தண்டையும் பிசகில்லாமல் கடைந்து கொடுத்த பிறகு, வெள்ளிக்கிழமை, பதினெட்டுப் பெயர்களில் மகிழினியின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள். அதே மையால் ஆசிஃபுக்கும் ஒரு எச்சரிக்கை ஓலை வந்தது. ஆனால் பட்டறைச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது, அதன் கீழே "லேத் நிலாவில் இருக்கிறது" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் நேத்ரா கேட்டாள். "அம்மா, அப்போ நீ..."

மகிழினி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். மனதுக்குள் எண்ணினாள். கேள்வி மெதுவாக, முழுதாக வந்து சேர்ந்தது.

"...பாஸா, ஃபெயிலா?"

"ஃபெயிலு கண்ணு!" என்றாள் மகிழினி. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து நேத்ராவுக்கே குழம்பிவிட்டது. "புது பேட்ச்சுல என்னைச் சேர்த்துக்கறாங்க. மறுபடி முதல்ல இருந்து, ஆறு மாசம்."

"எப்போ ஆரம்பம்?"

மகிழினி காலண்டரின் தாள்களைத் தூக்கிப் பார்த்தாள். பதினோரு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. தாளின் மூலையில் ரோகிணி என்று போட்டிருந்தது. அன்றைக்குக் கை முந்தும். அன்றைக்கும் வாட்ச்மேன் பூட்டைத் திறப்பதற்கு அரைமணி முன்னாலேயே போய் நின்றுவிடுவது என்று அவள் முடிவு செய்தாள்.